கணினிக் கம்பனிகளுக்கு டெப் ஏன் கைவரவில்லை?

மத்திய வீதிக் கடைக்காரன்:

வணக்கம். திருகோணமலை மத்திய வீதியில் போனும் லெப்டொப்பும் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், பதினான்கு வருடமாகிறது. நேற்றைய மழைக்குக் கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது, மேசைக்குக் கீழே கிடந்த அட்டைப்பெட்டியை அவசரமாகத் தூக்கி மேலே வைத்தேன். திறந்தால் உள்ளே பதினேழு டெப், அதாவது டெப்லெட். எல்லாம் ஆட்கள் திருத்தக் கொண்டுவந்து, சாமான் கிடைக்காது என்று நான் சொன்னதும், "சரி அண்ணா, நீங்களே வைத்திருங்கள், எதுக்காவது உதவும்" என்று விட்டுப்போனவை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பெயரைப் பார்த்தேன். பதினேழில் பதினொன்று கணினிக் கம்பனிகளுடையவை. லெப்டொப்பில் பெரிய பெயர்கள். நானே ஆட்களுக்கு நம்பி வாங்குங்கள் என்று சொல்லுகிற பெயர்கள்.

எனக்கு மனதைக் குடைவது இதுதான். அதே கம்பனிகளின் பத்து வருடப் பழைய லெப்டொப் இன்றும் கடைக்கு வருகிறது. கீபோர்டை மாற்றி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தால் இன்னும் நாலு வருடம் ஓடும். டெப்பில் மட்டும் ஏன் இப்படி? செய்யத் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது, காசுக்கும் குறைவில்லை, உலகம் முழுக்க முகவர்களும் இருக்கிறார்கள். பிறகும் அப்பிளோடும் சாம்சங்கோடும் நின்றுபிடிக்க முடியாமல் ஒவ்வொருவராகக் கழன்றுபோனார்கள். ஏன் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். "ஐபேட் நல்லது" என்று ஒரு வரியில் பதில் போட வேண்டாம், அது எனக்கும் தெரியும்.


உப்புவெளி விடுதி:

விலைதான் அண்ணா. ஐபேட் விலைக்கே இவர்களும் விற்க வந்தால் எந்தச் சனம் வாங்கும்?


சாம்பல்தீவான்:

விலை ஒரு பகுதி, உண்மை. ஆனால் அதற்குள் ஒரு கதை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எச்.பி.யை எடுங்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அதிகமாகக் கணினி விற்ற கம்பனி. 2010இல் பாம் கம்பனியை 120 கோடி டொலர் கொடுத்து வாங்கினார்கள். பாமிடம் வெப்ஓஎஸ் என்று ஓர் இயங்குதளம் இருந்தது. திறந்து வைத்த வேலைகளைச் சீட்டுக்கட்டுப் போல வரிசையாக விரித்துக் காட்டி, வேண்டாததை விரலால் மேலே தள்ளிவிடும் முறை இருக்கிறதே, இன்றைக்கு எல்லாப் போனிலும் நாங்கள் கைப்பழக்கமாகச் செய்வது, அது 2009இலேயே பாமின் போனில் இருந்தது. அவ்வளவு நல்ல சரக்கு. அதை வைத்து 2011 ஜூலை 1ஆம் திகதி டச்பேட் என்ற டெப்பை இறக்கினார்கள். விலை 499 டொலர். அதே விலைக்குப் பக்கத்து மேசையில் ஐபேட் 2 இருந்தது. டச்பேட் 740 கிராம், ஐபேட் 2 ஏறத்தாழ 600 கிராம். தடிப்பு ஒன்று 13.7 மில்லிமீற்றர், மற்றது 8.8. இரண்டையும் ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்தவனுக்கு விளக்கம் சொல்லத் தேவையே இல்லை.

ஆனால் என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. ஆகஸ்ட் 18ஆம் திகதி, ஐம்பது நாள்கூட ஆகாத நிலையில், நிறுத்திவிட்டோம் என்று அறிவித்தார்கள். அதே நாளில், கணினிப் பிரிவையே தனியாகப் பிரித்துவிடலாமா என்று யோசிக்கிறோம் என்றும் சொன்னார்கள். அப்போது தலைமையில் இருந்த லியோ அப்பொதேக்கர் மென்பொருள் கம்பனியிலிருந்து வந்தவர், செப்டெம்பரில் அவரும் வீட்டுக்குப் போனார். மிஞ்சிய சரக்கை 99 டொலருக்குத் தள்ளினார்கள். வெப்ஓஎஸ்ஸைப் பிறகு 2013இல் எல்ஜி வாங்கியது, இன்று எல்ஜி தொலைக்காட்சியில் ஓடுவது அதுதான். ஆக, சரக்கில் பிழை இல்லை. ஒரு மாங்கன்று நட்டால்கூட ஐம்பது நாளில் வேர் பிடிக்காது, அதற்குள் பிடுங்கிவிட்டார்கள். செயலி எழுதுகிறவன் எந்த நம்பிக்கையில் அந்த டெப்புக்கு உட்கார்ந்து எழுதுவான்?

இன்னொரு பக்கம் பாருங்கள். 2011 மார்ச்சில் வந்த அதே ஐபேட் 2க்கு, 2015இல் வந்த ஐஓஎஸ் 9 கிடைத்தது. ஐம்பது நாளையும் நாலரை வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடைக்காரன் அண்ணாவின் அட்டைப்பெட்டி விளங்கும்.


லண்டனில் ஒரு திருமலையான்:

அந்த ஆகஸ்ட் மாதம் எனக்கு நல்ல ஞாபகம். இங்கே 16 ஜிபி டச்பேட் 89 பவுணுக்கு இறங்கியது. வேலை முடிந்து போனால் ஒரு கடையிலும் இல்லை. அதற்கு முந்தின வாரம் வரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்காத சாமான். உப்புவெளி சொல்லுகிற விலைக் கதை உண்மைதான், ஆனால் அந்த விலைக்கு விற்றால் செய்தவனுக்கு ஒவ்வொன்றிலும் நட்டம். அது ஒரு வியாபாரம் ஆகாது.


சீனக்குடா:

எல்லாரும் தோற்றார்கள் என்று எழுதுவது சரியில்லை. லெனோவோ கணினிக் கம்பனிதானே? உலகத்தில் டெப் விற்பதில் முதல் ஐந்துக்குள் அதுவும் வருகிறது. என் மகள் படிக்கிறதும் அதில்தான், மூன்று வருடமாக ஒரு பிழை இல்லை. ஒரு பெட்டிக்குள் கிடந்ததை வைத்து முழு உலகத்துக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது, அண்ணன் கோபிக்க வேண்டாம்.


மத்திய வீதிக் கடைக்காரன்:

கோபம் ஒன்றுமில்லை தம்பி, நீங்கள் சொன்னது நியாயம். லெனோவோவைப் பற்றி நானும் யோசித்தேன், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் மேசையில் நான் பார்ப்பதைச் சொல்லுகிறேன், அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

15.6 அங்குல லெப்டொப் ஒன்று திரை உடைந்து வருகிறது என்று வையுங்கள். சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை நகத்தால் நெம்பிக் கழற்றினால் பின்னால் 30 பின் இணைப்பு. அந்த அளவும் அந்தப் பின்னும் சரியென்றால், மூடியில் எந்தக் கம்பனிப் பெயர் ஒட்டியிருந்தாலும் அநேகமாகப் பொருந்தும். கொழும்புக்கு ஒரு கோல் எடுத்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், காலையில் பஸ் நிலையத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம். ரெம் அப்படித்தான், டிஸ்க் அப்படித்தான், வைஃபை கார்ட்கூட அப்படித்தான்.

டெப் உடைந்து வந்தால் கதை வேறு. ஹீட் கன்னால் விளிம்பைச் சூடாக்கி, பழைய கிற்றார்த் துண்டு ஒன்றை உள்ளே விட்டுப் பசையை அறுத்து, கண்ணாடியைத் தூக்கினால் மெல்லிய ரிப்பன் ஒன்று வரும். அதில் பொடி எழுத்தில் ஓர் இலக்கம் அச்சடித்திருக்கும். அந்த இலக்கம் சரியாக இருந்தால்தான் புதுக் கண்ணாடி வேலை செய்யும். பெட்டியில் இருக்கிற ஒரு மாடலில் எனக்கு மூன்று விதமான ரிப்பன் இலக்கம் வந்திருக்கிறது! வெளியே பெயர் ஒன்று, நிறம் ஒன்று, உள்ளே மூன்று. எந்தத் தொழிற்சாலையில் எந்த மாதம் மலிவாகக் கிடைத்ததோ அதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த மாடலை ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பிறகு கண்ணாடிக்கு நான் எங்கே போவது?

ஐபேட்டும் ஒட்டித்தான் வருகிறது, திருத்தவும் லேசில்லை. ஆனால் அதில் ஒரு மாடல் லட்சக்கணக்கில் ஓடுவதால் மாற்றுக் கண்ணாடி எட்டு வருடத்துக்குப் பிறகும் சந்தையில் கிடைக்கிறது.


சாம்பல்தீவான்:

அண்ணா, இழையின் பதிலையே நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். 15.6 அங்குலம், 30 பின். கணினி உலகம் என்பது பொதுச் சாமான் உலகம். விண்டோஸை மைக்ரோசொஃப்ட் கொடுக்கும், மூளையை இன்டெல் கொடுக்கும், ரெம்மும் டிஸ்க்கும் திரையும் சந்தையில் கிடைக்கும். எல்லாவற்றையும் வாங்கி, நல்ல உறையில் பூட்டி, மலிவாக ஏற்றுமதி செய்து, முகவர்களைப் பிடித்து விற்பதுதான் கணினிக் கம்பனியின் கெட்டித்தனம். அதில் அவர்களை யாரும் அடிக்க முடியாது. ஆனால் லாபத்தின் நெய்யை விண்டோஸ்காரனும் இன்டெல்காரனும் எடுத்துக்கொள்வார்கள், பெட்டி செய்கிறவனுக்கு மிஞ்சுவது மோர். 2011இல் எச்.பி.யின் கணினிப் பிரிவே நூறு ரூபா விற்றால் ஐந்து ஆறு ரூபாதான் லாபம் பார்த்தது. அது உலகத்தின் முதலிடத்தில் இருந்தவனுடைய கணக்கு.

டெப்பில் அந்தக் கெட்டித்தனம் செல்லாது. அப்பிள் 2010இல் முதல் ஐபேட்டைக் கொண்டுவந்தபோதே தானே வடிவமைத்த ஏ4 சிப்பைப் போட்டிருந்தது. இயங்குதளம் தன்னுடையது. செயலிக் கடை தன்னுடையது, அதில் விற்பதில் நூற்றுக்கு முப்பது. சாமான் வாங்குவதிலும் அவர்கள் வேறு மாதிரி: 2005இலேயே பிளாஷ் மெமரிக்காக 125 கோடி டொலர் முற்பணம் கொடுத்து ஐந்து கம்பனிகளோடு ஒப்பந்தம் போட்டு வைத்தவர்கள். சாம்சங்குக்குத் திரையும் மெமரியும் சொந்த வீட்டில். ஹுவாவி தன் சிப்பைத் தானே வடிவமைத்தது. அமேசன் 2011இல் கின்டில் ஃபயர் டெப்பை 199 டொலருக்கு விற்றது, அடக்க விலைக்கே தருகிறோம் என்று அடுத்த வருடம் ஜெஃப் பேசோஸ் வெளிப்படையாகச் சொன்னார். புத்தகத்திலும் படத்திலும் மற்றச் சாமானிலும் உழைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு.

இப்போது டெல், ஏசர் போன்றவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அன்ட்ரொய்ட் டெப் செய்தால் செயலி விற்பனைப் பங்கு கூகுளுக்கு. புத்தகம் விற்க வழியில்லை. சிப் வேறொருவனுடையது. பெட்டியில்தான் லாபம் பார்க்க வேண்டும், ஆனால் அமேசன் பெட்டியில் லாபமே வேண்டாம் என்று பக்கத்தில் நிற்கிறது. 2012இல் கூகுளும் அசுஸைக்கொண்டு நெக்சஸ் 7 டெப்பை 199 டொலருக்குச் செய்வித்தது. மேலே அப்பிள், கீழே அமேசன், நடுவில் நிற்க இடமில்லை. அப்படி நெருக்கினால் சாமானில்தான் கைவைப்பார்கள், மலிவாகக் கிடைத்த திரையைப் போடுவார்கள். அண்ணாவின் மூன்று ரிப்பன் அங்கேயிருந்துதான் வருகிறது.


உப்புவெளி விடுதி:

சாம்பல்தீவான் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எங்களுக்கும் இது நடந்தது. 2018 சீசனுக்கு முன்னம் விடுதிச் சாப்பாட்டுக்கு ஓடர் எடுக்க ஆறு டெப் வாங்கினோம், நல்ல பெயருள்ள கணினிக் கம்பனியுடையது, பெயர் வேண்டாம். ஆறிலும் சார்ஜ் ஏற்றுகிற துவாரம் ஒன்றரை வருடத்துக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. கடற்கரை, உப்புக் காற்று, அது எங்கள் பக்கத்துப் பிழையும்தான். ஆனால் வாங்கின இடத்தில் கேட்டால் லெப்டொப்புக்கு மட்டும்தான் இங்கே சேர்விஸ், டெப்புக்கு இல்லை என்றார்கள். ஒரே கம்பனி, ஒரே பெயர்ப்பலகை. எனக்கு அந்தப் பதில்தான் இன்றும் மனவருத்தம்.


கிண்ணியா ரியூசன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லோருக்கும். நான் கணிதம் படிப்பிக்கிறேன். இவ்வளவு நேரமும் சாமானையும் லாபத்தையும் பேசுகிறீர்கள், பாவிக்கிறவன் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கணினிக் கம்பனிகள் டெப்பைச் சின்னக் கணினி என்று நினைத்தார்கள். அதுதான் அடிப்படைப் பிழை என்பது என் எண்ணம். இதில் அவர்கள் பிந்தி வந்தவர்கள்கூட இல்லை! பில் கேட்ஸ் 2001இலேயே, ஐந்து வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கிற கணினி டெப்லெட்டாகத்தான் இருக்கும் என்று சொன்னார். 2002 நவம்பரில் விண்டோஸ் எக்ஸ்பியின் டெப்லெட் பதிப்பும் வந்தது. எச்.பி., தோஷிபா, ஏசர் எல்லாரும் செய்தார்கள். லெப்டொப் விலைக்கு மேல், லெப்டொப் பாரம், எழுத ஒரு பேனை. உள்ளே ஓடியது மேசைக் கணினியில் எலியால் சொடுக்க எழுதின அதே மென்பொருள். பேனை நுனியால் அந்தக் குட்டிக் குட்டிச் சதுரங்களைத் தொடப் படாத பாடு.

பத்து வருடம் கழித்து, 2012 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்டே செய்த சேர்ஃபஸ் ஆர்டி டெப் வந்தது. விண்டோஸ் என்று பெயர், திரையில் பழைய விண்டோஸ் மேசையும் தெரியும், ஆனால் எங்களிடம் இருக்கிற ஒரு பழைய விண்டோஸ் மென்பொருளும் அதில் ஏறாது, ஏனென்றால் உள்ளே இருந்தது கணினியில் இருக்கிற இன்டெல் வகை அல்ல, போன்களில் இருக்கிற ஏஆர்எம் வகைச் சிப். வாங்கினவன் என்ன நினைப்பான்? 2013 ஜூலையில் மைக்ரோசொஃப்ட் அதற்காக 90 கோடி டொலர் நட்டக் கணக்கு எழுதியது.

எங்கள் ரியூசன் நிலையத்துக்கு அடுத்த வருடம் இன்டெல் சிப் போட்ட எட்டு அங்குல விண்டோஸ் டெப் ஒன்று வாங்கினோம், வேறொரு கம்பனியுடையது. 32 ஜிபி. அதில் பாதிக்கு மேல் விண்டோஸே பிடித்துக்கொண்டது. ஒரு நாள் அப்டேட் வந்தது, இடம் போதாது என்றது. நான் இருந்த படம், பாடம் எல்லாவற்றையும் அழித்தேன், அப்போதும் போதாது என்றது. பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு, வகுப்பைத் தொடங்க முடியாமல், அந்தச் சுற்றுகிற புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அரை மணித்தியாலம் எனக்கு மறக்காது. பிறகு கரும்பலகைக்குத்தான் திரும்பினேன்.

தமிழையும் சொல்ல வேண்டும். அன்ட்ரொய்ட் 2 ஓடிய காலத்து டெப்களில் தமிழ்ப் பக்கம் திறந்தால் அநேகமாகப் பெட்டி பெட்டியாகத்தான் வரும், கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடம். அப்பிள் 2013இல் ஐஓஎஸ் 7இலேயே தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகையையும் உள்ளேயே வைத்துக் கொடுத்தது. ஆண்டுதோறும் அப்டேட் கொடுக்கிறவனிடம் தமிழ் தானாக வந்து சேரும். விற்றுவிட்டுப் போகிறவனிடம் வராது.


சீனக்குடா:

கிண்ணியா நானா சொன்னதில் ஒரு திருத்தம். சேர்ஃபஸ் முழுக்கத் தோல்வி இல்லை. 2014இல் சேர்ஃபஸ் புரோ 3 வந்த பிறகு அது நன்றாக நின்றுபிடித்தது.


கிண்ணியா ரியூசன்:

ஓம் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை அவர்கள் என்ன சொல்லி விற்றார்கள்? லெப்டொப்பின் இடத்தை எடுக்கிற டெப் என்று. கீபோர்டைப் பூட்டி, மேசையில் வைத்துத்தான் அதை ஆட்கள் பாவிக்கிறார்கள். கணினிக் கம்பனி கணினிக்குத் திரும்பி வந்த இடத்தில்தான் வென்றது.


லண்டனில் ஒரு திருமலையான்:

டெல்லின் கதையையும் யாராவது சொல்ல வேண்டும், எனக்கு அது இன்னும் வருத்தம். 2010இல் ஸ்ட்ரீக் என்று ஐந்து அங்குலத்தில் ஒன்றை இங்கே இங்கிலாந்தில்தான் முதலில் விட்டார்கள். ஐந்து அங்குலத்தில் போனா என்று எல்லாரும் ஆச்சரியப்பட்ட காலம். அடுத்த வருடம் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத்தில் வந்து அமோகமாக ஓடியது. டெல் ஒரு வருடம் முந்தி! ஆனால் ஸ்ட்ரீக் வெளியே வந்தபோது உள்ளே அன்ட்ரொய்ட் 1.6. அந்த நேரம் 2.2 அறிவித்தாயிற்று. 2011 முடிவதற்குள் ஏழு அங்குல ஸ்ட்ரீக்கையும் நிறுத்தினார்கள், பிறகு வெனியூ என்று இன்னொரு வரிசை, 2016இல் அன்ட்ரொய்ட் டெப்பே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சரியான அளவைக் கண்டுபிடித்தவன் உள்ளே ஓடுவதைக் கவனிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தவன் பெட்டியை மட்டும்தான் பார்த்தான்.


சாம்பல்தீவான்:

லண்டன் அண்ணா சொன்ன ஸ்ட்ரீக், நோட் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. போன் பெருத்ததும் ஏழு அங்குல டெப்புக்குத் தேவை குறைந்தது. உலக டெப் விற்பனை 2014 அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 23 கோடியில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியது. சந்தை வளரும்போது காலூன்றாதவனுக்கு, இறங்கும்போது பிடிமானம் கிடைக்காது. அதோடு டெப் வாங்கினவன் லேசில் மாற்ற மாட்டான், போன் மாதிரி இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுகிற சாமான் இல்லை.

காசைக் கொட்டியும் பார்த்தார்கள். 2014இல் மைக்ரோசொஃப்ட் ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்த கருவிகளுக்கு விண்டோஸை இலவசமாக்கியது. இன்டெல் தன் சிப்பைப் போடச் சொல்லித் தயாரிப்பாளர்களுக்கு உதவித்தொகையே கொடுத்தது, ஒரு வருடத்தில் 4 கோடி டெப்புக்குள் போக வேண்டும் என்ற இலக்கையும் தாண்டியது. ஆனால் அந்த ஆண்டு அதன் மொபைல் பிரிவின் நட்டம் 400 கோடி டொலருக்கு மேல். 2016இல் அந்தச் சிப் வரிசைகளைக் கைவிட்டார்கள். இலவச விண்டோஸும் மலிவுச் சிப்பும் கிடைத்தபோது கணினிக் கம்பனிகள் என்ன செய்தன? நானா வாங்கின அந்த 32 ஜிபி டெப்பைப் போலத்தான் ஆயிரம் செய்தன.

லெனோவோவுக்கு வருகிறேன், சீனக்குடா. அவர்கள் நின்றதற்குக் காரணம், விடாமல் செய்தது. தொகை அதிகம், சீனாவில் பெரிய சொந்தச் சந்தை, 2014இல் மோட்டரோலாவையும் வாங்கிப் போன் செய்கிற ஆட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வருடமும் அதே வரிசையில் புதிது வருகிறது. 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டி உலகமே சூமுக்குள் போனபோது டெப் விற்பனை திரும்பவும் ஏறியது, அந்த நேரம் கடையில் சரக்கோடு நின்றவன் அவன்தான். எச்.பி.யும் டெல்லும் அப்போது லெப்டொப்பில் நன்றாகச் சம்பாதித்தார்கள், டெப்புக்கு அவர்களிடம் ஆள் இல்லை.


மூதூர் ரீச்சர்:

எல்லாரும் எழுதுவதை ஆறுதலாக வாசித்தேன். எனக்கு ஒரு நேரடிக் கேள்வி. மகள் அடுத்த வருடம் உயர்தரம். டொலர் 200இலிருந்து 360க்குப் போன 2022இல் அவளுக்கு ஒன்றும் வாங்கிக் கொடுக்க முடியாமல் போனது, என் போனில்தான் படித்தாள், கண் நோகிறது என்பாள். இப்போது கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். டெப்பா, பாவித்த லெப்டொப்பா?


சீனக்குடா:

டெப் எடுங்கள் ரீச்சர். மின்சாரம் போனாலும் எட்டு மணித்தியாலம் நிற்கும்.


கிண்ணியா ரியூசன்:

எந்தப் பாடம் என்பதைப் பொறுத்தது ரீச்சர். கணிதம், பௌதிகம் என்றால் பேனையால் எழுதுகிற டெப் உதவும். தகவல் தொழில்நுட்பம் என்றால் லெப்டொப் இல்லாமல் முடியாது.


மத்திய வீதிக் கடைக்காரன்:

ரீச்சர், புது டெப் எடுப்பதென்றால் மூன்றைக் கேட்டுவிட்டு எடுங்கள். எத்தனை வருடம் அப்டேட் தருவதாகக் கம்பனி எழுத்தில் சொல்லியிருக்கிறது, உடைந்தால் திரை கொழும்பிலாவது கிடைக்குமா, அதே வரிசையின் போன வருட மாடல் இன்றும் கடையில் இருக்கிறதா. மூன்றாவதுதான் முக்கியம். வரிசையாகச் செய்கிறவன் நாளைக்கும் இருப்பான். கம்பனிப் பெயரைப் பார்த்து, அவர்களின் லெப்டொப் நல்லது என்ற நம்பிக்கையில் மட்டும் எடுக்க வேண்டாம், அந்த நம்பிக்கையில் வாங்கின பதினொருவரின் சாமான் என் பெட்டியில் இருக்கிறது. லெப்டொப் என்றால் எனக்குச் சொல்லுங்கள், திருத்தக்கூடியதாகப் பார்த்து எடுத்துத் தருகிறேன்.

சாம்பல்தீவான் தம்பிக்கும் நானாவுக்கும் நன்றி. நான் இவ்வளவு காலமும் என் கைக்குச் சாமான் கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில்தான் இருந்தேன், அவர்கள் கைக்கும் கிடைக்கவில்லை என்பது இன்றைக்குத்தான் விளங்கியது.

இன்று பின்னேரம் பெட்டியைத் திரும்பவும் கிளறினேன். ஒரு மாடலில் நாலு இருக்கிறது, அதில் மூன்றுக்கு ரிப்பன் இலக்கம் ஒன்று. ஒன்றின் கண்ணாடி நல்லது, ஒன்றின் பற்றரி ஊதவில்லை, மூன்றாவதின் மதர்போர்ட் சுகமாக இருக்கிறது. மூன்றையும் சேர்த்து ஒன்றாக்கினேன். ஏறிவிட்டது. அன்ட்ரொய்ட் 4.4. வட்ஸ்அப் ஓடாது, 2025 தொடக்கத்தோடு அந்தப் பதிப்புக்கு நிறுத்திவிட்டார்கள். ஆனால் பிடிஎஃப் நன்றாகத் திறக்கிறது, பத்து அங்குலத் திரை, எழுத்துத் தெளிவு. ரீச்சரின் மகள் புதிது வாங்கும் வரைக்கும் கடந்தகால வினாத்தாள் வாசிக்க உதவுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.


மூதூர் ரீச்சர்:

மிகவும் நன்றி தம்பி. சனிக்கிழமை வகுப்பு முடிந்து வருகிறேன். அவள் பாடம் உயிரியல், வினாத்தாள் எல்லாம் என் போனில் இருக்கிறது. அதற்கு மெமரி கார்ட் போடலாமா?


மத்திய வீதிக் கடைக்காரன்:

போடலாம் ரீச்சர், 32 ஜிபி வரை. போனையும் கொண்டுவாருங்கள், இங்கேயே ஏற்றித் தருகிறேன். சனிக்கிழமை இரண்டு மணி வரைக்கும் கடையில் நிற்பேன்.